கைச்செலவுக் காசு: வாராவாரமா, மாதம் ஒருமுறையா?

பதின்வயதுப் பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பது என்று காரைக்குடிப் பக்கம் பல வீடுகளில் யோசனை.

வாரம் 100 ரூபாய்: திங்கள் காலையில் கொடுங்கள். புதனன்றே தீர்ந்தாலும் நான்கு நாள்தான் இழுபறி. தவறு சிறியது, பாடம் உடனே கிடைக்கும். பூப்பந்து மட்டைக்குச் சேர்ப்பதுதான் கடினம்.

மாதம் 400 ரூபாய்: திட்டமிடப் பழக்கும். முதல் மாதம் பத்தாம் தேதிக்குள் கரைந்துவிடலாம். சறுக்கல் அங்கேதான்: அப்பத்தா மனசு கேட்காமல் ஐம்பது ரூபாயைக் கையில் திணிப்பார், பாடம் போய்விடும். திட்டவும் வேண்டாம், நிரப்பவும் வேண்டாம். "அடுத்த மாதம் எதை மாற்றலாம்?" என்று மட்டும் கேளுங்கள்.

கணக்கு: இரண்டுக்குமே வரவு, செலவு, இருப்பு எழுத ஒரு நோட்டு. வட்டிக்கடைகளில் வேலை பழகும் பெட்டியடிப் பையன்களாகப் பர்மா போன செட்டிநாட்டுச் சிறுவர்கள் இப்படித்தான் தொழில் பழகினார்கள்.

13 வயதுக்கு வாரக்காசு. 15 தாண்டி, தொடர்ந்து மூன்று மாதம் இருப்பு காட்டிய பிள்ளைக்கு மாதக்காசு.