முதல் ரீஸ்டோரேஷனுக்கு எந்த வண்டி? ஆர்எக்ஸ்100, புல்லட், யெஸ்டி, சிடி100 – ஓர் அலசல்

பழைய பைக் ஒன்றை வாங்கி வீட்டிலேயே பிரித்து ஓட வைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களிடம் எந்த வண்டி என்று கேட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலும் மூன்று பெயர்கள்தான் வரும்: யமஹா ஆர்எக்ஸ்100, இரும்பு இன்ஜின் புல்லட் 350, ஜாவா அல்லது யெஸ்டி. ஹீரோ ஹோண்டா சிடி100 என்று யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. ஆனால் இதுவரை ஒரு இன்ஜினைக்கூடத் திறந்து பார்க்காதவர் முதலில் கை வைக்க வேண்டிய வண்டி அதுதான் என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்பதை மற்ற மூன்றோடும் வைத்துப் பார்ப்போம்.

ஓட்டும் சுகத்தை வைத்து இந்த வண்டிகளை நிறைய பேர் ஒப்பிட்டிருக்கிறார்கள். இங்கே அது கணக்கில் இல்லை. வீட்டு வாசலிலோ கார் நிறுத்தும் இடத்திலோ உட்கார்ந்து வேலை செய்ய முடியுமா, சாமான் கிடைக்குமா, கை தவறினால் மீட்க முடியுமா என்பதுதான் கேள்வி. மூன்றில் கடைசியைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். முதல் வண்டியில் கை தவறாதவர் யாரும் இல்லை. மரை போகும், ஸ்டட் முறியும், கேஸ்கெட் கிழியும்.

ஆர்எக்ஸ்100

1985-ல் வந்து 1996-ல் நின்ற வண்டி. 98 சிசி, 11 குதிரைத்திறன், எடை சுமார் 100 கிலோ. அந்த எடைக்கு அந்தத் திறன் என்பதால்தான் இன்றும் அதற்கு இவ்வளவு மவுசு. இன்ஜின் அமைப்பைப் பார்த்தால் புதியவருக்கு இதைவிட எளிது கிடையாது. டூ ஸ்ட்ரோக் என்பதால் ஹெட்டில் வால்வு இல்லை, வால்வைத் திறக்கும் கேம் இல்லை, அதைச் சுற்றும் டைமிங் செயின் இல்லை. ஹெட்டை (மேல் மூடியை)க் கழற்றி, பிளாக்கை (சிலிண்டரை)த் தூக்கினால் பிஸ்டன் கண்முன்னே நிற்கும். போரும் (சிலிண்டரின் உள்விட்டம்) ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 50 மி.மீ. பிளாக்கில் கீறல் விழுந்திருந்தால் லேத்தில் கொடுத்து ரீபோர் செய்து (துளையைச் சற்றுப் பெரிதாக்கி), 0.25 மி.மீ. கூடுதலான பிஸ்டன் போட்டுக்கொள்ளலாம்.

சிக்கல் அதற்குக் கீழே இருக்கிறது. டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் சுற்றும் அடிப்பெட்டியான கிராங்க் கேஸும் காற்று இறுக்கமாக இருக்க வேண்டும். கிராங்கின் இரு பக்கமும் உள்ள ஆயில் சீல்தான் அந்த இறுக்கத்தைக் காக்கிறது. பல வருடம் மூலையில் நின்ற வண்டியில் இந்த ரப்பர் காய்ந்து கல்லாகிவிடும். கிளட்ச் பக்க சீல் போனால் கியர் ஆயிலை இன்ஜின் உறிஞ்சிக் குடிக்கும். புகை நிற்கவே நிற்காது, கியர் பாக்ஸில் ஆயில் மட்டம் குறைந்துகொண்டே வரும். மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட் பக்க சீல் போனால் அங்கிருந்து காற்று புகும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் சத்தம் இறங்காமல் அலறும். புதிதாகக் கற்பவர் இரண்டுக்குமே கார்புரேட்டரைத்தான் குறை சொல்வார். அதைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருப்பார். இப்படிக் காற்று கூடி பெட்ரோல் குறைந்த கலவையிலேயே ஓட்டினால் கடைசியில் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும்.

இதைவிடப் பெரிய தடை விலை. நல்ல நிலையில் உள்ள ஆர்எக்ஸ் லட்சத்தைத் தாண்டிப் போகிறது. மோசமான நிலையில் உள்ளதும் மலிவாக வருவதில்லை. மவுசு உள்ள வண்டி என்பதால் திருட்டு வண்டி, மாற்றி அடித்த சேசிஸ் நம்பர், வேறு மாடலின் இன்ஜின் ஏற்றிய வண்டி எல்லாம் சந்தையில் சகஜம். சாமான் கடைக்குப் போனால் பெட்டியில் கம்பெனிப் பெயர் அச்சாக இருக்கும், உள்ளே இருக்கும் பிஸ்டன் எங்கே வார்த்தது என்று தெரியாது. இந்த நிலையில், ஒரிஜினலாக மிஞ்சியிருக்கும் ஓர் ஆர்எக்ஸின் கிராங்க் கேஸில் ஒருவர் தன் முதல் மரையைக் கெடுப்பது எனக்கு மனம் ஒப்பாத விஷயம். அந்த கேஸ் இனி வார்க்கப்படப் போவதில்லை.

இரும்பு இன்ஜின் புல்லட்

1955-ல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியதில் இருந்து 2010 வாக்கில் புது இன்ஜின் வரும் வரை, இந்த 346 சிசி இன்ஜினின் அடிப்படை அப்படியே இருந்தது. போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ. திருவொற்றியூரில் இருந்து வந்த வண்டி என்பதால் இங்கே அதற்கு மெக்கானிக்குக்கும் பஞ்சமில்லை, சாமானுக்கும் பஞ்சமில்லை.

ஒரு மோட்டார் சைக்கிள் எப்படி வேலை செய்கிறது என்று முழுதாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்றால் இதைப் போல ஒரு வண்டி கிடையாது. இன்ஜின் தனி, கியர் பாக்ஸ் தனி, நடுவே பிரைமரி செயின். எந்த வேலை எங்கே நடக்கிறது என்று விரலை வைத்துக் காட்டலாம். டேப்பெட் (வால்வு இடைவெளி) பார்க்க, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ்கூட வேண்டாம். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பிஸ்டனை கம்ப்ரஷனில் மேலே கொண்டுவந்து நிறுத்தி, டேப்பெட் மூடியைத் திறந்து, வால்வைத் திறக்கத் தள்ளும் கம்பியான புஷ் ராடை இரண்டு விரலால் உருட்டிப் பார்க்க வேண்டும். தடையில்லாமல் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆட்டம் இருக்கக் கூடாது. அவ்வளவுதான். ஸ்டார்ட் செய்வதிலேயே ஒரு பாடம் இருக்கிறது: பாயிண்ட் (ஸ்பார்க் வரவைக்கும் சுவிட்ச்) வைத்த வண்டியில் கிக்கரை மெதுவாக அழுத்தும்போது ஆம்மீட்டர் முள் ஒரு பக்கம் சாய்ந்து நடுவுக்கு வரும். பாயிண்ட் திறந்துவிட்டது என்று பொருள். அந்த இடத்தில், சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்துக் கொஞ்சம் தாண்டிவிட்டு, பிறகு உதைக்க வேண்டும். இக்னிஷன் டைமிங் (ஸ்பார்க் அடிக்க வேண்டிய நேரம்) என்பது என்ன என்று இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லித் தர முடியாது.

பிறகு ஏன் இதை முதலில் எடுக்க வேண்டாம் என்கிறேன்? முதலாவது எடை. 160 கிலோவுக்கு மேல். இன்ஜினைச் சட்டத்தில் (ஃபிரேமில்) இருந்து இறக்க இன்னொரு ஆள் வேண்டும், மாடி வீட்டில் இருப்பவருக்கு நினைத்துப் பார்க்கவே முடியாது. இரண்டாவது, பழைய மாடல்களில் பல நட்டு போல்ட்டு பிரிட்டிஷ் அளவு. கையில் இருக்கும் மில்லிமீட்டர் ஸ்பேனர் பொருந்தியது போலவே இருக்கும்; பலமாக இழுத்ததும் மூலைகளை மழுக்கிவிடும். அதற்கென்று தனி ஸ்பேனர் செட் வாங்கத்தான் வேண்டும். மூன்றாவது பணம். இன்ஜின் வேலை ஒன்று ஆரம்பித்தால் கனெக்டிங் ராடின் பெரிய முனை புஷ், ராக்கர் பேரிங், ஆயில் பம்ப் என்று நீண்டுகொண்டே போகும். நின்ற வண்டியில் ஆயில் மெல்லக் கசிந்து கிராங்க் கேஸுக்குள் இறங்கியிருக்கும். அதை வடிக்காமல் உதைத்தால் தெருவே புகை. இது கோளாறு இல்லை, அந்த அமைப்பின் இயல்பு. ஆனால் எது இயல்பு, எது கோளாறு என்று பிரித்துச் சொல்ல அனுபவம் வேண்டும். புல்லட் நல்ல வாத்தியார்தான். அடிப்படை தெரிந்துகொண்டு போகிறவருக்கு அது இன்னும் நிறையச் சொல்லிக்கொடுக்கும்.

ஜாவா, யெஸ்டி

இதில் சுருக்கமாகவே சொல்ல முடியும். மைசூரில் ஐடியல் ஜாவா 1961 முதல் 1996 வரை உருவாக்கிய வண்டிகள். 250 சிசி டூ ஸ்ட்ரோக், இரட்டை சைலன்சர், கிக்கரும் கியர் லீவரும் ஒன்றே. அழகில் இந்த நான்கில் முதலிடம் இதற்குத்தான். ஆனால் உங்கள் ஊரில் இந்த இன்ஜினை உண்மையிலேயே தெரிந்த பெரியவர் ஒருவர் இருந்தால் மட்டும் எடுங்கள். 2018-க்குப் பிறகு அதே பெயரில் வந்த புது ஜாவாக்கள் ஃபோர் ஸ்ட்ரோக், தண்ணீரில் குளிரும் இன்ஜின். அவற்றின் சாமான் எதுவும் பழைய வண்டிக்கு உதவாது. பெங்களூர், மைசூர் பக்கம் தொடர்பு உள்ளவருக்குச் சிரமம் குறைவு. மற்றவர்கள் ஒரு சின்ன சாமானுக்காக மாதக்கணக்கில் வண்டியை உதிரிகளாகவே வைத்துக்கொண்டிருக்க வேண்டி வரும். அப்படிச் சாக்குப்பையில் கட்டிய நிலையிலேயே விலைக்கு வரும் யெஸ்டிகள் ஏராளம்.

சிடி100

இதுவும் 1985-ல் வந்த வண்டிதான். 97.2 சிசி, ஃபோர் ஸ்ட்ரோக், படுத்த நிலையில் இருக்கும் ஒற்றை சிலிண்டர். 1994-ல் ஸ்பிளெண்டருக்குப் போனதும் இதே குடும்பத்து இன்ஜின்தான். அந்தப் பரம்பரை இன்னும் தயாரிப்பில் இருக்கிறது. இந்த ஒரு காரணமே எனக்குப் போதும். பிளாக், பிஸ்டன், கேஸ்கெட், கிளட்ச் பிளேட் என்று தேய்ந்து மாற்ற வேண்டியவை தாலுகா தலைநகரில்கூடக் கிடைக்கும். மாடல் ஆண்டைச் சொல்லி, பழைய சாமானைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். எல்லாமே எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று நினைத்துவிடக் கூடாது. வண்டியின் விலையோ ஆர்எக்ஸோடு ஒப்பிட ஒன்றுமே இல்லை. பல வீடுகளில் மாட்டுக்கொட்டகைப் பக்கம் தூசி படிந்து நிற்கிறது, இரும்பு விலைக்குக் காய்லாங்கடைக்குப் போகிறது.

எளிமையில் ஆர்எக்ஸுக்கு ஒரு படி கீழேதான். ஹெட்டில் கேம் இருக்கிறது, அதைச் சுற்ற ஒரு செயின் இருக்கிறது. ஆனால் புதியவர் அஞ்சும் அந்த வேலையை ஹோண்டா எவ்வளவு தெளிவாக அமைத்திருக்கிறது பாருங்கள். மேக்னெட் மேல் ‘டி’ என்று ஒரு குறி. அதை கிராங்க் கேஸில் உள்ள குறிக்கு நேராகக் கொண்டுவந்தால் பிஸ்டன் உச்சியில் இருக்கிறது என்று பொருள். அதே சமயம் கேம் பல்சக்கரத்தில் உள்ள வட்டக் குறி, ஹெட்டில் உள்ள வெட்டுக்கு நேராக நிற்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் செயினை மாட்டி போல்ட்டை இறுக்கலாம். இறுக்கிய பிறகு மேக்னெட்டை இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றி, குறிகள் மறுபடி அதே இடத்துக்கு வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். எங்காவது முட்டினால் பலத்தைக் காட்டாமல் நிறுத்திவிட வேண்டும். ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தால் இந்தச் சுற்றிலேயே தெரிந்துவிடும். கிளட்ச் பக்கம் திறக்க மட்டும் நான்கு பல் வைத்த தனி பாக்ஸ் ஸ்பேனர் தேவைப்படும். ஸ்பேர்ஸ் கடையில் கேட்டாலே எடுத்துத் தருவார்கள். உளி வைத்துத் தட்டிக் கழற்றும் பழக்கத்தை மட்டும் கற்றுக்கொள்ளாதீர்கள்.

ஆர்எக்ஸ், சிடி இரண்டுக்கும் பொதுவாக ஒன்று. ஜப்பான் வழி வந்த வண்டிகளின் ஸ்டார் ஸ்க்ரூ சாதாரண ஸ்டார் திருப்புளிக்கு முழுதாகப் பிடி கொடுக்காது. திருகும்போது நுனி எகிறி வெளியே வந்து தலையைச் சிதைத்துவிடும். ஜேஐஎஸ் (ஜப்பான் தர அளவு) நுனி உள்ள, தட்டினால் திருகும் இம்பாக்ட் டிரைவர் ஒன்று வாங்கி, முந்தின நாளே ஊடுருவும் ஆயில் அடித்து வைத்து, சுத்தியால் இரண்டு தட்டுத் தட்டினால் நாற்பது வருட ஸ்க்ரூவும் அசையும். முதல் செலவு இதற்காக இருக்கட்டும்.

எந்த வண்டியானாலும்: டேங்க், சட்டம் (ஃபிரேம்)

டேங்க் துருவுக்கு ஆசிட் ஊற்றுகிறவர்கள் உண்டு. மெல்லிய தகட்டையும் அது சேர்த்து அரித்துவிடும். எலக்ட்ராலிசிஸ் நிதானமானது, வீட்டிலேயே செய்யலாம். முதலில் பெட்ரோல் ஆவி கொஞ்சமும் மிஞ்சாதபடி சோப்புத் தண்ணீர் விட்டுப் பலமுறை கழுவ வேண்டும். பெட்ரோல் டேப்பை (குழாயை)க் கழற்றி ஓட்டையை அடைத்து, தண்ணீரும் சலவைச் சோடாவும் நிரப்ப வேண்டும். சாதாரண இரும்புக் கம்பி ஒன்றை டேங்கைத் தொடாதபடி உள்ளே தொங்கவிட்டு, 12 வோல்ட் சார்ஜரின் பாசிட்டிவ் முனையைக் கம்பியிலும் நெகட்டிவ் முனையை டேங்கிலும் கொடுக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் டேங்க் கரையும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி கூடவே கூடாது, நச்சுள்ள குரோமியம் கலக்கும். ஹைட்ரஜன் வெளிவரும் என்பதால் திறந்த வெளியில், தீ ஏதும் பக்கத்தில் இல்லாமல், சார்ஜரை அணைத்த பிறகே கிளிப்பைத் தொட்டு வேலை செய்யுங்கள். முடிந்ததும் கழுவி, உடனே உலர்த்தி, ஆயில் கலந்த பெட்ரோலைச் சுழற்றி விட்டால் புதுத் துரு பிடிக்காது. இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருந்து ரப்பரைக் கெடுப்பதால், பழைய ரப்பர் குழாய், டேப் வாஷர் எல்லாவற்றையும் இப்போதே மாற்றிவிடுவது நல்லது.

சட்டத்துக்குப் பெயின்டா பவுடர் கோட்டிங்கா என்றால், உழைப்புக்கு பவுடர் கோட்டிங். ஆனால் கொடுப்பதற்கு முன் சேசிஸ் நம்பர் அடித்த இடம், ஹெட் பேரிங் கிண்ணங்கள், எர்த் வயர் உட்காரும் இடம் மூன்றையும் மறைத்துக் கொடுங்கள். தடித்த பூச்சு நம்பரை நிரப்பிவிட்டால் ஆர்டிஓ ஆபீஸில் ஆய்வாளர் முன் நின்று தவிக்க வேண்டி வரும்.

புக் (ஆர்சி, பதிவுச் சான்று) இல்லாத வண்டி வேண்டாம்

பதிவு முதலில் 15 வருடம், அதன் பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் கட்ட வேண்டும். பணம் கொடுக்கும் முன் ஆர்சியில் உள்ள இன்ஜின், சேசிஸ் நம்பரை வண்டியோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். கடன் பதிவு நீக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். நிறத்தை மாற்றினால் அதுவும் ஆர்சியில் ஏற வேண்டும். விண்டேஜ் பதிவு செய்துகொள்ளலாம் என்று ஆசை காட்டி புக் இல்லாத வண்டியை விற்பார்கள். 2021-ல் வந்த அந்த விதி 50 வருடம் கடந்த வண்டிகளுக்கு மட்டும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், வழக்கமாக ஓட்டவும் அனுமதி இல்லை. 1985-ல் வந்த முதல் ஆர்எக்ஸுக்கும் முதல் சிடிக்கும் அந்த வயது வர 2035 ஆகும்.

வீட்டில் அப்பா ஓட்டிய வண்டி நிற்கிறது, அதைத்தான் செய்யப் போகிறேன் என்பவர்கள் உண்டு. அவர்களுக்கும் என் பதில் இதேதான். அந்த வண்டியைத் துடைத்து, டேங்கைக் காலி செய்து, ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு மூடி வையுங்கள். பக்கத்து ஊரில் புக்கோடு நிற்கும் ஒரு சிடி100-ஐ வாங்கி, ஹெட்டில் இருந்து கிளட்ச் வரை ஒருமுறை பிரித்து மாட்டி ஓட்டுங்கள். அப்பாவின் வண்டியை அதன் பிறகு தொடலாம்.