ஆறு வருடத்தில் ஐந்தாகச் சுருங்கிய செயின்: ஹார்ட் டான்ஸ் கிக் செய்து பார்த்த அனுபவம்

கிக் (நடன இசையில் ‘தும்’ என்று விழும் பேஸ் டிரம் அடி) செய்வதற்கென்று நான் வைத்திருக்கும் செயினில், அதாவது சத்தம் ஒன்றன் பின் ஒன்றாகக் கடந்து போகும் கருவி வரிசையில், இன்று இருப்பது ஐந்தே ஐந்து சாமான். சைன் அலை (ஒரே சுருதியுள்ள வழவழப்பான அலை) தரும் ஒரு சிந்த், வேண்டிய சுருதிப் பகுதியை ஏற்றவோ தாழ்த்தவோ ஒரு ஈக்யூ, அலையை வெட்டிச் சிதைக்க சாஃப்ட்வேரோடு வந்த சாதாரண டிஸ்டார்ஷன், எதிரொலிக்கு ஒரு சின்ன ரிவெர்ப், கடைசியில் உச்சத்தை வெட்டி நிறுத்த ஒரு கிளிப்பர். ஆறு வருடத்துக்கு முன் ஆரம்பித்தபோது இதைப் போல மூன்று மடங்கு இருந்தது. ஹார்ட்ஸ்டைல், ரா, ஹார்ட்கோர் என்று வேகமான, முரட்டு நடன இசைப் பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு இந்த அனுபவம் உதவலாம். டெக்னோ கிக் செய்கிறவர்களுக்குப் பாதிதான் பொருந்தும்.

மற்ற நடன இசையில் கிக் தாளத்தைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்கும். இங்கே கிக்தான் பாட்டு. 150 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 150 அடி) ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே 400 மில்லி விநாடி இருக்கிறது. அந்த இடம் முழுவதையும் கிக்கே எடுத்துக்கொள்ளும். முதலில் ‘டோக்’ என்று சொல்லும் அடி, அப்புறம் உறுமிக்கொண்டே போகும் டெய்ல், அதாவது வால். டெய்ல்தான் பேஸ்லைன் (பாட்டின் கீழ்ச்சுருதி மெட்டு) வேலையையும் பார்க்கிறது. ஆகவே அது சுருதியில் நிற்க வேண்டும், மெலடி போகிற இடத்துக்கெல்லாம் கூடப் போகவும் வேண்டும். தயாராகக் கிடைக்கும் ஒரு சாம்பிளை வைத்து இதைச் சமாளிக்க முடியாது என்று உணரவே எனக்குச் சில மாதங்கள் ஆயின.

எல்லாவற்றுக்கும் மூலம் 1983இல் வந்த ரோலண்ட் டிஆர்-909 என்ற டிரம் மெஷின். அதன் கிக்கை 1990களின் தொடக்கத்தில் ராட்டர்டாமின் கேபர் (ஹார்ட்கோரின் தொடக்க கால வகை) ஆட்கள் மிக்ஸர் அலறும் அளவுக்கு ஏற்றினார்கள், அதிலிருந்து கிளைத்ததுதான் இன்றைய எல்லா ஹார்ட் கிக்கும். அந்த மெஷினில் ‘டியூன்’ என்று எழுதியிருக்கும் குமிழ் கிக் கடைசியில் நிற்கும் சுருதியை மாற்றுவதில்லை. அடியின் தொடக்கத்தில் மேலிருந்து கீழே இறங்கும் பிட்ச் (சுருதி) எவ்வளவு நேரத்தில் இறங்கி முடிக்கிறது என்பதைத்தான் மாற்றுகிறது. இது தெரிந்த பிறகு நான் கிக்கைக் கேட்கும் விதமே மாறியது. இறங்கும் வேகத்தில்தான் அடியின் குணம் இருக்கிறது. முதல் ஐந்து மில்லி விநாடியில் சில ஆயிரம் ஹெர்ட்ஸிலிருந்து 200 பக்கம் விழுந்து, அங்கிருந்து 60, 70 மில்லி விநாடியில் நிதானமாக 50க்கு வந்து சேர்வது எனக்குப் பிடித்த அளவு. வேகமாக இறக்கினால் வெறும் ‘டிக்’. மெதுவாக இறக்கினால் யாரோ விசில் அடிப்பது மாதிரி இருக்கும்.

முதல் வருடம் முழுக்க டிஸ்டார்ஷன் வேட்டையில் போனது. ஒன்றன் பின் ஒன்றாக நான்கைந்து போடுவேன். இரண்டாவதற்கு மேல் எதைப் போட்டாலும் பெரிய வித்தியாசம் கேட்காது. சரி, பிளகின் (சாஃப்ட்வேருக்குள் போடும் கருவி) சரியில்லை என்று அடுத்ததைத் தேடப் போவேன். ஒரு நாள் ஒவ்வொரு கட்டத்துக்குப் பிறகும் அலையின் வடிவத்தைக் காட்டும் ஆசிலோஸ்கோப் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. சைன் அலையின் தலையையும் காலையும் வெட்டினால் அது சதுரத்துக்குப் பக்கத்தில் போகிறது. அந்தச் சதுரத்தை மறுபடி வெட்டினாலும் சதுரம்தானே? என்ன விலை கொடுத்து வாங்கின டிஸ்டார்ஷனாக இருந்தாலும் தட்டையாகிவிட்ட அலையில் அதற்குச் செய்ய வேலையில்லை.

அன்றைக்கு முதல் டிஸ்டார்ஷனுக்கும் இரண்டாவதற்கும் நடுவே ஒரு ஈக்யூவைச் செருகினேன். அடிப்படை ஒலியை (கிக்கின் மிகக் கீழான சுருதி) கொஞ்சம் தாழ்த்தி, 400 ஹெர்ட்ஸ் பக்கம் 12 டெசிபலுக்கு ஒரு கூர்மையான மேடு எழுப்பினேன். தட்டையாக இருந்த அலை சரிந்தது, அதன் முதுகில் சின்னச் சின்ன அலைகள் கிளம்பின. இரண்டாவது டிஸ்டார்ஷனுக்குக் கடிக்க ஏதோ கிடைத்தது. முதல் தடவையாக என் கிக் ஒரு உயிரெழுத்தைச் சொன்னது. மேட்டை 400லிருந்து 450க்கு நகர்த்தினால் ‘ஓ’ என்பது ‘ஆ’ பக்கம் சாய்கிறது. டெய்ல் ஓடும்போதே மேட்டை மெதுவாக நகர்த்தினால் வாய் திறந்து மூடுவது மாதிரியே இருக்கும். ரா பாட்டுகளில் கேட்கும் அந்தக் கத்தலுக்குப் பின்னால் ரகசியப் பிளகின் எதுவும் இல்லை என்று அன்றுதான் நம்பினேன்.

அதற்குப் பிறகு டிஸ்டார்ஷன் வாங்குவதை அடியோடு நிறுத்திவிட்டேன். இன்று என் செயினில் அதே சாதாரண டிஸ்டார்ஷன் மூன்று இடத்தில் வருகிறது, ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஓர் ஈக்யூவோடு. ஒரே இடத்தில் முழுசாகத் திருகாமல் மூன்று இடத்திலும் பாதிப் பாதி. ஒரு தேர்வு மட்டும் முக்கியம். மேலும் கீழும் சமமாக வெட்டும் டிஸ்டார்ஷன் ஒற்றைப்படை ஹார்மோனிக்ஸை, அதாவது அடிப்படை ஒலியின் ஒற்றைப்படை மடங்குகளை, மட்டும் தரும்: 50 ஹெர்ட்ஸுக்கு 150, 250, 350 என்று. ஒரு பக்கம் மட்டும் அதிகம் வெட்டினால் 100, 200 என்று இரட்டைப்படையும் சேரும், சத்தம் கொழுக்கும். ஆனால் அலை முழுவதும் ஒரு பக்கமாக நகர்ந்துவிடும். 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி அதைச் சரிசெய்யாவிட்டால் அடுத்த கட்டம் கோணலாக வெட்டிக்கொண்டே போகும். அப்புறம் லீனியர் ஃபேஸ் ஈக்யூ (எல்லாச் சுருதியையும் ஒரே அளவு தாமதிக்கும் வகை) இந்த வேலைக்கு வேண்டாம். அது அடிக்கு முன்னாலேயே லேசான ஒரு எதிரொலியை வைக்கும், டோக்கின் கூர்மை மழுங்கிவிடும்.

ரிவெர்ப் ஏன் என்று பலரும் கேட்பார்கள். டிஸ்டார்ஷனுக்கு முன்னால் அரை விநாடிக்குள் முடியும் மோனோ (இடது வலது பிரியாத ஒற்றை ஒலி) ரிவெர்ப் ஒன்று, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் அதற்குள் விடாமல். சாதாரணமாக ரிவெர்ப் தேய்ந்து மறையும். டிஸ்டார்ஷன் அதைத் தேய விடாது, தூக்கிப் பிடித்து மணல் அரைப்பது மாதிரி ஒரு சொரசொரப்பாக்கும். அளவு கூடினால் கிக் தூரத்தில் எங்கோ கேட்கும். எனக்குச் சரிப்பட்ட அளவு, ரிவெர்ப் இருப்பதே தெரியாமல், எடுத்தால் மட்டும் குறை தெரிகிற அளவு.

இனி என் பெரிய தோல்விகள் இரண்டு. மூன்றாவது வருடம் ஒரு சின்ன நிகழ்ச்சியில் என் பாட்டு ஓடியது. ஹெட்ஃபோனில் காதைக் கிழித்த கிக் அங்கே காணாமல் போனது. டோக் மட்டும் தட்டிக்கொண்டிருந்தது, டெய்ல் இல்லை. காரணம், அகலமாகக் கேட்க வேண்டும் என்று டெய்லை இடதும் வலதுமாக விரித்திருந்தேன். அங்கிருந்த ஸ்பீக்கர்கள் மோனோ. இரண்டு பக்கமும் சேர்ந்ததும் ஒன்றை ஒன்று விழுங்கிவிட்டன. இப்போது 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே முழுக்க மோனோ. அகலம் வேண்டுமென்றால் மேலே மட்டும், அதுவும் மோனோ பட்டனை அழுத்திப் பார்த்த பிறகுதான்.

இரண்டாவது இன்னும் வலித்தது. கிக் எல்லாவற்றையும் ப்ராஜெக்ட் ஃபைலாகவே வைத்திருந்தேன், ஆடியோவாக எடுத்து வைக்கவில்லை. கம்ப்யூட்டர் மாற்றியதும் செயினில் இருந்த ஒரு பழைய இலவசப் பிளகின் திறக்கவே மறுத்தது. இரண்டு வருட உழைப்பு மௌனமாகிவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கட்டத்தையும் பவுன்ஸ் செய்து, அதாவது ஆடியோ ஃபைலாக எடுத்து வைக்கிறேன். சுத்தமான சைன் ஒரு ஃபைல், முதல் டிஸ்டார்ஷனுக்குப் பிறகு ஒரு ஃபைல், இப்படி. பாதுகாப்புக்காக ஆரம்பித்த பழக்கம் சத்தத்தையே மாற்றிவிட்டது. ஆடியோ ஆனபின் திரும்பிப் போய்த் திருத்த முடியாது, முன்னால்தான் போக வேண்டும். நேற்றைய கிக்கின் டெய்லை இன்றைய டோக்கோடு ஒட்டி, இன்னொரு சுற்று டிஸ்டார்ஷனுக்குள் அனுப்பலாம். என் நல்ல கிக்குகள் எல்லாம் அப்படி மூன்று நான்கு தலைமுறை தாண்டி வந்தவை.

கிக்கின் கீழ்ப்பகுதி ஒலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இத்தனை டிஸ்டார்ஷனும் ஈக்யூவும் தாண்டிய கிக்கின் உடம்பில் கீழ்ப்பகுதி குழம்பிப் போயிருக்கும். அதை 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, முதலில் எடுத்து வைத்த அதே சைன் ஃபைலை அதன் கீழே சேர்க்கிறேன். புதிதாக இன்னொரு சைன் செய்து வைத்தால் பிட்ச் இறங்கும் நேரம் கொஞ்சம் மாறினாலும் இரண்டும் மோதும். அதே ஃபைலாக இருந்தாலும் ஈக்யூக்கள் ஃபேஸை (அலை ஏறி இறங்கும் நேரம்) திருப்பியிருக்கும். 100 ஹெர்ட்ஸில் ஒரு சுற்று 10 மில்லி விநாடி. அதில் பாதியான ஐந்து விலகினாலே இரண்டும் சந்திக்கும் இடத்தில் பள்ளம் விழும். எண்ணைப் பார்த்து இதைச் சரிசெய்ய முடியாது. சைனை முன்னும் பின்னும் நகர்த்தி, வயிறு நிறைந்த மாதிரி கேட்கும் இடத்தில் விடுவேன்.

இரண்டையும் சேர்த்த பிறகுதான் கிளிப்பர். ஒரே உயரமுள்ள சைனைவிடச் சதுர அலையின் சராசரி பலம் 3 டெசிபல் அதிகம். அதற்குள் இருக்கும் அடிப்படை ஒலி மட்டுமே தனி சைனைவிட ஏறக்குறைய 2 டெசிபல் பெரியது. மீட்டரில் அதே உச்சம் காட்டினாலும் ஹார்ட் கிக் நெஞ்சில் இடிப்பது இதனால்தான். கிளிப்பருக்குப் பிறகு ஈக்யூவைத் தொட்டால் உச்சம் மறுபடி எகிறும், ஆகவே அது கடைசி. ஓவர்சாம்பிளிங்கை (கரகரப்பைக் குறைக்கப் பல மடங்கு நுணுக்கமாகக் கணக்கிடும் வசதி) நடுக் கட்டங்களில் அணைத்தே வைக்கிறேன், அங்கே வரும் கரகரப்பு எனக்குப் பிடிக்கும். கடைசியில் மட்டும் நான்கு மடங்கு. இதில் என்னோடு சண்டை போடுகிறவர்கள் உண்டு.

சுருதி மாற்றுவதில் இன்னும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. மேற்கத்திய சுரங்களில் எஃப் என்றால் 43.65 ஹெர்ட்ஸ், ஜி என்றால் 49. இந்தப் பக்கத்தில் கிக் நன்றாக உட்காரும். சி வரை, அதாவது 32.7க்கு இறக்கினால் சின்ன ஸ்பீக்கரில் ஒன்றும் இருக்காது. மேலே 65.4க்கு ஏற்றினால் எடை போய்விடும். சாம்பிளின் வேகத்தை மாற்றி மூன்று செமிடோன் (அரைச்சுரம்) ஏற்றினால் 400 மில்லி விநாடி டெய்ல் 336 ஆகச் சுருங்கும், டோக்கும் கீச்சென்று மாறும். ஆகவே டோக்கைத் தனியாக வைத்து, டெய்லை மட்டும் ஒவ்வொரு சுருதிக்கும் முதல் சைனிலிருந்தே மறுபடி ஓட்டுகிறேன். ஒவ்வொரு சுருதிக்கும் ஈக்யூ மேடுகளைக் கையால் நகர்த்த வேண்டியிருக்கிறது. ஒரு பாட்டுக்கு ஆறு சுருதி என்றால் ஒரு மாலை முழுக்கப் போகும். அப்படியும் ஆறில் ஒன்று மற்ற ஐந்தோடு ஒட்டாமல் முறைத்துக்கொண்டு நிற்கும். அநேகமாக ஜி-ஷார்ப் (ஜிக்கு ஒரு செமிடோன் மேலே). ஏனென்று ஆறு வருடமாகத் தெரியவில்லை.

காதைப் பற்றி ஒரு வார்த்தை. டிஸ்டார்ஷன் சத்தத்தை முக்கால் மணி நேரத்துக்கு மேல் கேட்டால் காது பொய் சொல்ல ஆரம்பிக்கும், எல்லாமே மென்மையாகக் கேட்கும், கை தானாக இன்னும் திருகும். ராத்திரி அற்புதமாக இருந்தது காலையில் தகர டப்பா மாதிரி இருக்கும். இப்போது அலாரம் வைத்து நிறுத்துகிறேன். முடிவெடுப்பது மறுநாள், வால்யூமைப் பேச்சுக் குரல் அளவுக்கு இறக்கி, பக்கத்தில் மெலடி வாசிக்கும் லீட் சத்தமும் ஓடும்போது மட்டும். தனியாகக் கேட்டு நான் ஓகே செய்த கிக்குகளில் பாட்டுக்குள் போய்ப் பிழைத்தவற்றை எண்ண ஒரு கை விரல்கள் போதும். மற்றவை டெய்ல் ஃபோல்டரில் கிடக்கின்றன. நேற்று அதிலிருந்து நான்கு வருடம் பழசான ஒன்றை எடுத்து ரிவெர்ஸ் செய்து இரண்டாவது டிஸ்டார்ஷனுக்குள் விட்டேன். இன்னும் பேர் வைக்கவில்லை, ஆனால் ஜி-ஷார்ப்பில் நிற்கிறது.