ஃபேக்டோரியோவில் அணு மின்சாரம்: எப்படி இருக்கிறது?

செக் நாட்டின் வூப் சாஃப்ட்வேர் நிறுவனம் உருவாக்கிய, தொழிற்சாலை கட்டும் கணினி விளையாட்டான ஃபேக்டோரியோவில், நீராவி எஞ்சின்களால் தொழிற்சாலையின் பசியை அடக்க முடியாத கட்டத்தில் யுரேனியம் கைகொடுக்கிறது. அந்தப் பகுதியை மட்டுமே இங்கு மதிப்பிடுகிறேன்.

தாதுவைத் தோண்டுவதற்கே சுரங்க இயந்திரத்துக்குக் குழாய் வழியாகக் கந்தக அமிலம் செலுத்தியாக வேண்டும். பத்துத் தாதுவை மையவிலக்கியில் இட்டால் 12 விநாடிகளில் ஒரே ஒரு யுரேனியம் வெளிவரும்; அது எரிபொருளுக்கு முக்கியமான அரிய வகையான யுரேனியம்-235 (யு-235) ஆக இருப்பதற்கான வாய்ப்பு 0.7 சதவீதம்தான்; மற்றதெல்லாம் யுரேனியம்-238 (யு-238). இயற்கை யுரேனியத்தில் உள்ள அளவும் ஏறத்தாழ இதுவே என்பது பாராட்டத்தக்கது. இரண்டு வகையையும் ஒரே கன்வேயர் பெல்ட்டில் விட்டால், யுரேனியம்-238 தேங்கி மொத்த வரிசையும் நின்றுவிடும்.

அடுத்து வருவது, யு-238-ஐ யு-235 ஆக மாற்றும் கோவாரெக்ஸ் செறிவூட்டல் என்ற செய்முறை. நாற்பது யு-235, ஐந்து யு-238 கொடுத்தால், 41 யு-235, 2 யு-238 திரும்பக் கிடைக்கும். அந்த முதல் நாற்பதைச் சேர்க்கச் சராசரியாக 57,000 தாது தேவைப்படும் என்பதால், அதுவரை உலை கட்டாமல் காத்திருப்பவர்களே எங்கள் சென்னை நண்பர் வட்டத்தில் அதிகம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது வீண் காத்திருப்பு. ஒரு யு-235, பத்தொன்பது யு-238, பத்து இரும்புத் தகடு ஆகியவற்றிலிருந்து பத்து எரிபொருள் செல்கள் கிடைக்கின்றன; ஒரு செல் ஓர் உலையில் 200 விநாடி எரிகிறது. சதுரமாக அடுக்கிய நான்கு உலைகள், பக்கத்தில் இன்னோர் உலை இருந்தால் கிடைக்கும் கூடுதல் ஊக்கத்தோடு 480 மெகாவாட் தரும். அவற்றுக்கு 500 விநாடிக்கு ஒரு யு-235 போதும். சராசரியாக நான்கு மையவிலக்கிகளே அதைத் தந்துவிடும். உண்மையில் இடத்தையும் உழைப்பையும் விழுங்குபவை, உலை வெப்பத்தால் நீராவி உண்டாக்கும் 48 வெப்பப் பரிமாற்றிகளும் எண்பதுக்கும் மேற்பட்ட டர்பைன்களும்தான்.

அறிவியல் நோக்கில் கோவாரெக்ஸ் தடுமாறுகிறது. செறிவூட்டல் இருக்கிற யு-235-ஐப் பிரித்தெடுக்குமே தவிர, புதிதாக உண்டாக்காது. யு-238-இலிருந்து எரிபொருள் பெறும் வழி, கல்பாக்கத்தின் வேக ஈனுலையில் உள்ளதுபோல், அதைப் புளூட்டோனியமாக மாற்றுவதுதான். அதே கல்பாக்கத்தில் இயற்கை யுரேனியத்திலேயே இயங்கும் கனநீர் உலைகளும் இருக்க, விளையாட்டில் அப்படி ஒரு தேர்வே இல்லாதது நம் ஊர்க்காரர்களுக்குக் குறையாகத் தெரியும்.

மின்தேவை குறைந்தாலும் உலை எரிபொருளைத் தின்றுகொண்டே இருக்கும். 2024 அக்டோபரில் வந்த 2.0 பதிப்பில் உலையின் வெப்பநிலையைச் சர்க்யூட் கம்பி வழியே அறிந்து, தேவைப்படும்போது மட்டும் செல் போட முடிவதால் இந்த எரிச்சல் பெருமளவு தீர்ந்தது.

தள்ளுபடி விற்பனை என்பதே இந்த விளையாட்டுக்குக் கிடையாது. இலவச டெமோ உண்டு, ஆனால் அதில் யுரேனியம் வரை செல்ல இயலாது.