கல் வலிக்கு டைக்ளோஃபெனாக்கா, டிராட்டவெரினா?

மன்னவனூர், பூம்பாறைப் பக்கம் ராத்திரியில் சிறுநீரகக் கல்லோ பித்தப்பைக் கல்லோ வலி கொடுத்தால் கொடைக்கானல் போய்ச் சேர்வதே பெரும்பாடு. அதனால்தான் பலரும் கேட்கிறார்கள்: வீட்டில் எதை வைத்திருப்பது, வலி மாத்திரையான டைக்ளோஃபெனாக்கா, பிடிப்பை இளக்கும் டிராட்டவெரினா?

வலி அடங்க
டைக்ளோஃபெனாக்: சிறுநீரகக் கல், பித்தப்பைக் கல் இரண்டுக்குமே முதல் தேர்வு. வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற உடல் வேதிப்பொருளைக் குறைப்பதால் வீக்கம் தணியும், சிறுநீரகத்துக்குள் ஏறிய அழுத்தமும் இறங்கும். வாந்தி இருந்தால் மாத்திரை தங்காது, 75 மி.கி. ஊசிதான்.
டிராட்டவெரின்: சிறுநீர்க் குழாய், பித்தக் குழாய் இவற்றின் இறுக்கத்தைத் தளர்த்தும். தனியாகப் போட்டால் பலம் குறைவு. துணை மருந்து என்றே சொல்வேன்.

யாருக்கு ஆகாது
டைக்ளோஃபெனாக்: குடல்புண், இதய நோய், சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம். மலைக்குளிரில் தாகமே தெரியாது. தண்ணீர் குடிக்காமல் வாந்தியும் எடுத்து உடம்பு வற்றியவர்களுக்கும் இது ஆபத்து.
டிராட்டவெரின்: ஈரல், இதயம் மிகவும் பழுதானவர்களுக்கு. தலைசுற்றலாம்.

விலை
இரண்டுமே மலிவு.

மெஃபனமிக் அமிலம் கலந்த டிராட்டவெரினும் கடையில் உண்டு. அதுவும் வலி மாத்திரை இனம்தான், டைக்ளோஃபெனாக்கோடு சேர்க்காதீர்கள். கல்லைக் கரைப்பது இவற்றின் வேலையே இல்லை. சிறுநீர்க் குழாயில் 5 மி.மீ.க்கு மேற்பட்ட கல்லுக்கு, அது வெளியேற உதவும்படி குழாயைத் தளர்த்தும் டாம்சுலோசின் மாத்திரை எழுதுவார்கள். பித்தப்பைக்கு அது உதவாது.

ஸ்கேனில் கல் உறுதியாகி, மேற்சொன்ன நோய்கள் இல்லாதவர்கள் டாக்டரிடம் முன்பே எழுதி வாங்கி டைக்ளோஃபெனாக் வைத்திருக்கலாம். குடல்புண்காரர்களுக்குப் பாராசிட்டமாலும் டிராட்டவெரினும். காய்ச்சல், நடுக்கம், கண் மஞ்சள், சிறுநீர் அடைப்பு, அல்லது முதன்முறையாக வரும் மேல்வயிற்று வலி (மாரடைப்பாகவும் இருக்கலாம்) என்றால் மாத்திரையைத் தேடாமல் 108-ஐ அழையுங்கள்.