ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்போடு நான்கு வருடம்: ஈ வாய் நீட்டுவதைப் பார்க்க வாங்கியது

தக்கலைப் பக்கம் ஒரு பள்ளியில் பிளஸ் டூவுக்கு விலங்கியல் எடுக்கிறேன். மட்டிப்பழம் கனிந்தால் அடுக்களையில் மொய்க்குமே, சிவந்த கண் உள்ள பொடி ஈ, அந்த டிரோசோபிலா எப்படித் தின்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டத்தான் இந்த ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்பை, அதாவது இரண்டு கண்ணாலும் பார்க்கும் உருப்பெருக்கியை, வாங்கினேன். விலை 18,000 ரூபாய்.

முதலில் பிடித்த விஷயம், லென்ஸுக்கும் மேடைக்கும் நடுவே இருக்கும் 10 சென்டிமீட்டர் இடம். ஈயின் காலில் தித்திப்புச் சொட்டு வைக்கக் குச்சி தாராளமாக உள்ளே போகிறது. வகுப்பில் இருக்கும் சாதாரண மைக்ரோஸ்கோப்பில் இது நடக்காது. 40 மடங்குக்கு மேல் உருப்பெருக்கம் எனக்கு ஒருநாளும் தேவைப்படவில்லை. கூடுதல் ஐபீஸுக்கு (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) காசு செலவழிக்காதீர்கள்.

ஈயைக் குப்பியோடு ஐஸில் வைத்தால் மயங்கிவிடும். சொட்டுவிடும் பைப்பெட் குழாயின் வெட்டிய நுனிக்குள் தலையும் முன்கால்களும் வெளியே தெரியும்படி செருகிவிட்டு, தெளிந்ததும் காலில் கருப்பட்டித் தண்ணீரைத் தொட வைப்போம். தித்திப்பு காலிலேயே அதற்குத் தெரியும், உடனே வாய்க்குழல் நீள வேண்டும். ஆனால் முதல் சில மாதம் பத்து ஈயில் இரண்டு மூன்றுதான் நீட்டியது. லைட் சூடோ என்று கருவியைச் சந்தேகப்பட்டேன். விஷயம் வேறு: அவை வயிறு நிறைந்த ஈக்கள். 24 மணி நேரம் ஈரப்பஞ்சு மட்டும் கொடுத்துப் பட்டினி போட்டோம். தாகத்தில் நீட்டிவிடக் கூடாதே என்று முதலில் வெறும் தண்ணீர் குடிக்கவிட்டு, அப்புறம் கருப்பட்டி வைத்தோம். கிட்டத்தட்ட எல்லாமே நீட்டின!

இதற்கு விளக்கம் 2013இல் யோஷிஹாரா என்ற விஞ்ஞானியின் குழு நேச்சர் அறிவியல் இதழில் எழுதிய கட்டுரையில் கிடைத்தது. ஈயின் மூளையில் ஒரே ஒரு ஜோடி நியூரான் (நரம்புச் செல்) தின்னும் அசைவுகள் முழுவதையும் தொடங்கி வைக்கிறது. ஈ பசியோடு இருந்தால்தான் அந்த ஜோடி உணவுக்குப் பதில் சொல்கிறது. ஒரு பக்கத்து நியூரானை மட்டும் அழித்தால் வாய் கோணலாக அசைகிறது. எங்கள் மேசையில் நடந்ததற்கு இத்தனை சின்ன இடத்தில் காரணம் இருப்பதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. 2024இல் ஃப்ளைவயர் திட்டம் ஒரு பெண் ஈயின் மூளை வரைபடத்தை முழுதாக வெளியிட்டது, 1,39,255 நியூரான்கள். இலவசம்தான். வாய்க்குழலின் அடிப்பகுதியைத் தூக்கும் எம்.என்.9 என்ற, தசையை அசைக்கும் இயக்க நியூரானை அதில் தேடி எடுத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறேன்.

குறை என்றால் பூஞ்சைதான். நம் மாவட்டத்தில் ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. இரண்டாம் வருடம் லென்ஸுக்குள் ஒட்டடை மாதிரி வெள்ளை இழை படர்ந்தது. சர்வீஸுக்குக் கொடுத்தேன், 2,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, இரண்டு கண்ணில் தெரியும் படமும் ஒன்றாகச் சேராத நிலையில் திருப்பித் தந்தார்கள். மறுபடி சரி செய்ய மூன்று வாரம் ஆனது. துணி உறை போட்டு வைப்பதை அன்றோடு நிறுத்தினேன், அது ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. இப்போது மூடி இறுகும் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளோடு வைக்கிறேன். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் மெல்லிய சூட்டில் வறுத்து ஈரத்தைப் போக்கலாம். அதற்குப் பிறகு பூஞ்சை வரவில்லை.

புதிதாக வாங்குபவர்கள் கேமராவுக்குத் தனிக் குழல் உள்ள மாடலாகப் பாருங்கள். நான் ஐபீஸில் போனைக் கட்டித்தான் ஸ்லோ மோஷன் எடுக்கிறேன். அடிப்பகுதி எழும்புவதும், நடுக்குழல் நீள்வதும், நுனி இதழ்கள் விரிவதும் அதில் தனித்தனியாகத் தெரிகின்றன, ஆனால் போன் சற்று நகர்ந்தாலும் படம் போய்விடுகிறது.