ஓயாண்டைதாம்போ சூரியன் கோயில்: டிக்கெட் காசுக்குத் தகுமா?

பெருவில் மச்சு பிச்சு ரயிலைப் பிடிக்கும் ஊர் என்றுதான் ஓயாண்டைதாம்போவைப் பலர் நினைக்கிறார்கள். ரயிலுக்கு முன் மிச்சமிருக்கும் ஒரு மணி நேரத்தில், ஸ்பானியர் வருவதற்கு முன் இங்கே ஆண்ட இன்காக்கள் கட்டிய இந்தக் கோயிலை ஏறி இறங்கினால் டிக்கெட் காசு வீண். இரண்டரை மணி நேரமாவது வேண்டும்.

தனி டிக்கெட் கிடையாது. பக்கத்துப் பெருநகரான குஸ்கோ வட்டாரத்தின் பல இடங்களுக்கும் சேர்ந்த கூட்டுச் சீட்டுதான். முழுச் சீட்டு பத்து நாள் செல்லும். ஒரு இடத்துக்கு ஒரே நுழைவு. எனவே தண்ணீரோடு உள்ளே போங்கள், மேலே நிழலே இல்லை. குஸ்கோ சுமார் 3,400 மீட்டர் உயரம், இந்த ஊர் 2,800. குஸ்கோவில் விமானம் இறங்கியதும் முதலில் இங்கே தங்கினால் மூச்சு வாங்குவது குறையும்.

உச்சியில் ஆறு இளஞ்சிவப்புக் கற்கள், ஆளைவிட இரண்டு மடங்கு உயரத்தில் நிற்கின்றன. கல்லைப் பார்த்து வாய்பிளப்பதோடு நின்றுவிடாமல் இடுக்கைப் பாருங்கள். இரண்டு கல்லுக்கு நடுவே ஒடிசலான கல்பட்டை ஒன்று சாந்தில்லாமல் கச்சிதமாகச் செருகியிருக்கும். இன்கா சுவர்களில் இது அபூர்வம். ஒரு கல்லின் முகத்தில் படிக்கட்டு வடிவப் புடைப்பு உண்டு. தேய்ந்துபோனதால் உச்சி வெயிலில் கண்ணுக்குப் படாது, சாய்வெயிலில்தான் தெரியும். ஆங்காங்கே துருத்தும் குமிழ்கள் கல்லை நெம்பவோ கயிறு கட்டவோ விட்டவை என்பது பொதுவான கருத்து. வேலை முடிந்திருந்தால் செதுக்கி எறிந்திருப்பார்கள். முடியவில்லை.

இந்தக் கல் வந்த கச்சிகாட்டா குவாரி, உருபாம்பா ஆற்றுக்கு அப்பால் எதிர்மலையில். மேடையிலிருந்தே அந்தச் சரிவு தெரிகிறது. பள்ளத்தாக்கில் இறக்கி, ஆற்றைத் தாண்டி, மறுபடி சரிவுப்பாதையில் இழுத்து ஏற்றியிருக்கிறார்கள். வழியில் கைவிட்ட கற்களுக்கு ஊரார் வைத்த பெயர் ‘களைத்த கற்கள்’. அவற்றைப் பார்க்க ஒரு நாளைத் தனியாக ஒதுக்க வேண்டும்.

எதற்காகக் கட்டினார்கள்? சூரிய வழிபாட்டுக்கு என்று வழிகாட்டிகள் அடித்துச் சொல்வார்கள். கொஞ்சம் தள்ளுபடி செய்தே கேளுங்கள். இன்காக்களிடம் எழுத்து இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. பேரரசர் பச்சாகுட்டியின் சொந்த நிலத்தில் எழுந்தது என்பது மட்டும் உறுதியாகச் சொல்லப்படுகிறது. 1537இல் இன்கா அரசர் மான்கோ இன்கா இங்கிருந்துதான் ஸ்பானியத் தளபதி எர்னாண்டோ பிசாரோவின் படையை விரட்டினார். வாய்க்கால் நீரைச் சமவெளியில் திறந்துவிட, குதிரைகள் சேற்றில் திணறின.

இறங்கியதும் வாசலுக்கு ஓடாமல் கீழேயுள்ள நீரூற்றுகளுக்குப் போங்கள். ‘இளவரசியின் குளியல்’ என்ற ஒற்றைக் கல் ஊற்றில் இன்றும் தண்ணீர் விழுகிறது, அங்கே கூட்டமும் குறைவு.