குயின்டி குடாவில் அரை நாள் பிக்கரல் மீன் பிடிக்கப் போய் 620 டொலரை இழந்தோம், தயவுசெய்து வாசியுங்கள்

நேற்று இரவு பதினொரு மணிக்கு, மீன்பிடிப் படகுக்காரரை நாங்கள் கண்ட முன்பதிவுத் தளத்திலிருந்து கடைசிப் பதில் வந்தது. "உங்கள் முறைப்பாடு மூடப்பட்டுவிட்டது." அவ்வளவுதான். போனது 620 டொலர். நித்திரை வரவில்லை, எழும்பியிருந்து இதை எழுதுகிறேன். பள்ளிக்கூடங்கள் விடுமுறை விட்டாயிற்று, ரொறன்ரோப் பக்கம் ஸ்காபரோவிலிருந்தும் மார்க்கம் நகரிலிருந்தும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் இப்போது மீன் பிடிக்க இடம் தேடிக்கொண்டிருப்பார்கள். முதலில் நடந்ததைச் சொல்கிறேன். என்னென்ன பார்க்கவேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகத் தருகிறேன்.

அப்பாவுக்கு 71 வயது. யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கரையில் வளர்ந்தவர். கனடாவுக்கு வந்து பதினாறு வருடமாகிறது, ஒரு நாள்கூட வள்ளத்தில் ஏறியதில்லை. முழங்கால் சரியில்லாததால் கரையில் நின்று தூண்டில் போடவும் முடியாது. தந்தையர் தினத்துக்கு அவரை ஒருமுறை தண்ணீருக்குள் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று மச்சானும் நானும் காசு சேர்த்தோம். ஒன்ராறியோ ஏரியின் வடகிழக்கில் டிரென்டன், பெல்வில், பிக்டன் ஊர்களைத் தொட்டு வளைந்து வளைந்து ஓடும் குயின்டி குடா பிக்கரலுக்குப் பேர்போனது. வால்ஐ என்று புத்தகங்களில் போட்டிருப்பது இதே மீன்தான். ஸ்காபரோவிலிருந்து 401 நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேர ஓட்டம்.

மீன்பிடிப் பயணங்களுக்கென்றே இருக்கும் ஒரு முன்பதிவுத் தளத்தில் இந்தப் படகுக்காரரைக் கண்டோம். பெயருக்குப் பக்கத்தில், தளம் சரிபார்த்தவர் என்று பச்சைக் குறி. அரை நாள், ஐந்து மணி நேரம், மூன்று பேருக்கு 600 டொலர். போன் எண்ணும் அங்கேயே இருந்தது. எடுத்துக் கதைத்தேன்.

அந்தப் போன் பேச்சைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். அப்பாவின் முழங்காலைப் பற்றி நான் சொன்னதும் ஆள் பேச்சை நிறுத்தினார். பிறகு, "என்னுடைய அப்பாவுக்கும் அதே வருத்தம்தான். படகில் முதுகு சாய்க்கிற கதிரை இருக்கிறது, அது உங்கள் அப்பாவுக்கு. அவரை ஏற்றி இறக்குவது என் பொறுப்பு" என்றார். அந்த இடத்தில் நான் நம்பிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் எதைச் சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்பேன். தளம் நிறையத் தரகு எடுக்கிறது, வங்கிக் கணக்கிலிருந்து நேரே இ-ட்ரான்ஸ்ஃபரில் காசு அனுப்பினால் 540 போதும் என்றார். மீன்பிடி லைசன்ஸும் தானே எடுத்துத் தருவதாகச் சொல்லி மூன்று பேருக்கும் 80 கேட்டார். மொத்தம் 620. அன்றிரவே அனுப்பினேன். "ஆளுக்கு ஆறு பிக்கரல் வீட்டுக்குக் கொண்டுபோகலாம்" என்று பெரிய மீனொன்றின் படத்தோடு செய்தி வந்தது.

படத்தை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மீனின் கண்ணைத்தான் பார்த்தார். "இது இருட்டில மேயிற மீன், தம்பி. விடியமுன்னம் போகவேணும்" என்றார். அவர் சொன்னது சரி. பிக்கரலின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அடிக்கும் ஒரு படலம் இருக்கிறது. மங்கல் வெளிச்சத்தில் மற்றப் பல மீன்களைவிட நன்றாகப் பார்த்து வேட்டையாடும். விடியலும் மாலையும் மேகம் மூடிய நாளும் காற்றில் தண்ணீர் கலங்கும் நேரமும்தான் அதற்கு வாய்ப்பு. வெயில் ஏறி ஏரி கண்ணாடி மாதிரிக் கிடந்தால் பெரும்பாலும் ஆழத்துக்குப் போய்விடும். அதனால்தான் காலை ஆறு மணிப் பயணத்தைப் பதிவு செய்தோம்.

மூன்றரைக்கு வீட்டிலிருந்து வெளிக்கிட்டோம். ஐந்தே முக்காலுக்குப் படகுத்துறையில் நின்றோம். ஆறு மணிக்கு ஆள் இல்லை. ஆறரைக்கு "வந்துகொண்டிருக்கிறேன்" என்று ஒரு செய்தி. ஏழு மணிக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. அப்பா காருக்குள் இருக்கமாட்டேன் என்று இறங்கி, கட்டையொன்றில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்றப் படகுகள் ஒவ்வொன்றாகப் போயின. 8.20க்கு ஆள் வந்தார். மன்னிப்பு என்று ஒரு சொல் இல்லை.

கதிரை இல்லை. சின்ன அலுமினியப் படகு, குறுக்கே வெறும் பலகை. லைஃப் ஜாக்கெட் நாலு இருந்தது, அதில் ஒன்று சிறுபிள்ளைக்கானது. படகில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அளவான ஜாக்கெட் இருக்கவேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். அப்போதே திரும்பியிருக்கவேண்டும். அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு ஏறினேன். எனக்குக் கிடைத்ததை அவருக்குக் கொடுத்துவிட்டு, அந்தச் சின்ன ஜாக்கெட்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அப்பாவை ஏற்றிவிட்டதும் மச்சான்தான்.

துறையிலிருந்து பத்து நிமிடம்கூடப் போகவில்லை, பாசி மண்டிய ஓர் ஆழமில்லாத இடத்தில் நங்கூரம் போட்டார். மீன் காட்டும் கருவி அணைந்தே கிடந்தது. கேட்டால் "இந்த இடம் எனக்கு மனப்பாடம்" என்றார். மற்றப் படகுகள் தூரத்தில், ஆழமான பக்கத்தில், தூண்டில்களை இரண்டு பக்கமும் விரித்து மெதுவாக இழுத்துக்கொண்டு போவது தெரிந்தது. எங்களுக்கு ஆளுக்கு ஒரு தூண்டில், ஒரு பெட்டி மண்புழு. அப்பா தங்கூசியை விரலில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி மெல்லச் சொன்னார்: "இவன் மீனுக்கு வரேல்லை, நேரத்தைப் போக்க வந்திருக்கிறான்."

10.15க்கு எஞ்சின் சூடாகிவிட்டது, கரைக்குப் போகவேண்டும் என்றார். ஐந்து மணி நேரத்துக்குக் காசு வாங்கியவர் இரண்டு மணி நேரம்கூட எங்களைத் தண்ணீரில் வைத்திருக்கவில்லை. ஒரு பிக்கரல் இல்லை. மச்சானுக்கு விரல் நீளத்தில் ஒரு பேர்ச் மீன் கிடைத்தது, திருப்பி விட்டோம். லைசன்ஸ் எங்கே என்று கேட்டேன். "ஈமெயிலில் வரும்." இன்றுவரை வரவில்லை. வீட்டுக்கு வந்துதான் விதிமுறைகளை வாசித்தேன். ஒன்ராறியோவில் வசிக்கும் 65 வயது தாண்டியவருக்கு லைசன்ஸே தேவையில்லை, அரசாங்க அடையாள அட்டை போதும். அந்தக் குடாவில் முழு லைசன்ஸ் உள்ளவருக்கே நாலு பிக்கரல்தான், அதில் 63 சென்ரிமீற்றருக்கு மேல் ஒன்று மட்டும். ஆறு என்று சொன்ன ஆளுக்கு விதியும் தெரியாது. அல்லது தெரிந்தே சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அதிகாரி யாராவது வந்து கேட்டிருந்தால் தண்டம் கட்டியிருக்கப்போவது மச்சானும் நானும்.

அதற்குப் பிறகு இரண்டு கிழமை இழுத்தடிப்பு. "அடுத்த சனி இலவசமாகக் கூட்டிப்போகிறேன்." சனி வந்ததும் காற்று அதிகம் என்றார், வானிலை அறிக்கையில் அப்படி ஒன்றுமில்லை. பாதிக் காசாவது தாருங்கள் என்று கேட்டேன். "மீன் கடிக்காததற்கு நான் பொறுப்பில்லை." நான் மீனுக்குக் காசு கேட்கவில்லை! வராத நேரத்துக்கும், இல்லாத கதிரைக்கும், எடுக்காத லைசன்ஸுக்கும் கேட்டேன். அடுத்த நாள் என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

தளத்துக்கு எழுதினால், காசு எங்கள் மூலம் கட்டப்படவில்லை, எனவே எங்களால் ஒன்றும் செய்யமுடியாது என்ற ஒரே பதில் மூன்று முறை, மூன்று வேறு பெயர்களில் வந்தது. அந்தப் பச்சைக் குறியைப் போட்டது யார் என்று கேட்டேன், அதற்குப் பதில் இல்லை. அந்த விளம்பரம் இன்று காலையும் அப்படியே இருக்கிறது. வங்கியில் கேட்டேன். அவர் பக்கம் தானாகவே கணக்கில் சேரும்படி வைத்திருந்ததால், அனுப்பிய இ-ட்ரான்ஸ்ஃபரைத் திருப்பி எடுக்க வழியில்லை என்றார்கள். 620 டொலர் மச்சானின் ஒரு கிழமைக் கூலிக்குக் கிட்ட வரும்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. "காலமை தண்ணியைப் பாத்தன், அது காணும்" என்றார். அவர் அப்படிச் சொன்னதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருக்கிறது.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், வேலைக்குப் போகிற நேரமாகிவிட்டது. முக்கியமானது மட்டும். நேரே காசு அனுப்பு, குறைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள், கிரெடிட் கார்டில் தளத்தின் வழியாகவே கட்டுங்கள். லைசன்ஸை நீங்களே மாகாண அரசின் இணையத்தளத்தில் எடுங்கள். காசு வாங்கி ஆளேற்றும் படகு, மத்திய அரசின் போக்குவரத்துத் துறையான ட்ரான்ஸ்போர்ட் கனடாவில் வணிகப் படகாகப் பதிவாகியிருக்கவேண்டும், ஓட்டுபவருக்கும் சாதாரணப் பொழுதுபோக்குப் படகு ஓட்டும் அட்டை போதாது. இரண்டையும் முன்கூட்டியே கேளுங்கள். ஏறுமுன் ஜாக்கெட்டுகளைப் போட்டுப் பாருங்கள்.

ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவுக்கு இன்று முறைப்பாடு அனுப்புகிறேன். பெல்வில் பக்கம் இதே மாதிரி யாரிடமாவது மாட்டியிருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள், இரண்டு பேராகப் போனால் கொஞ்சமாவது கேட்பார்கள்.